மெஷின் எதைச் செய்யட்டும்?

சின்னதாக ஒரு உடுப்பு பிஸ்னஸ் தொடங்கினால் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன மெஷின் வச்சிருக்கீங்க?" வஹகோட்டையில் நாங்கள் மூன்று பேர், எல்லோரும் கலைப்பீட மாணவர்கள், பத்திக் சட்டையும் பாவாடையும் செய்து விற்கத் தொடங்கினோம். எங்களிடம் இருந்தது இரண்டு தையல் மெஷின், ஒரு பழைய லப்டொப், மெழுகு உருக்க ஒரு அடுப்பு. மெழுகு வேலைக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர். துண்டுக்கு இவ்வளவு என்று சம்பளம்.

ஜூன் மாதம் அந்தோனியார் திருவிழா நெருங்கினால் ஊருக்குள் சனம் நிரம்பும், எங்களுக்கும் ஓடர் கூடும். அப்படி ஒரு நேரத்தில்தான் டிஜிட்டல் பிரிண்ட் பற்றிய பேச்சு வந்தது. பத்திக் டிசைனைப் படமாக அனுப்பினால் போதும், பெரிய இங்க்ஜெட் மெஷின் அதைத் துணியில் அப்படியே அடித்துத் தரும். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் இறங்கி வரும் அந்த மெல்லிய கோடுகள்கூட அச்சில் வந்துவிடும். ஒரே வித்தியாசம், நூறு சட்டையிலும் அந்தக் கோடு ஒரே இடத்தில்தான் இருக்கும்.

எங்களில் ஒருத்தி, "செய்வோம், எல்லாரும் செய்றாங்கதானே" என்றாள். இன்னொருத்தன், "அப்ப அக்காவுக்கு என்ன வேலை?" என்றான். இரண்டுமே நியாயமான பேச்சு. முடிவு எடுக்க முன்னால், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தோம்.

பத்திக்கில் புது டெக்னாலஜி இன்றைக்கு வந்தது இல்லை. ஜாவாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே செப்பு முத்திரை வந்துவிட்டது. ஐரோப்பாவில் இருந்து மலிவான போலி அச்சுத்துணி வந்து இறங்கிய காலம் அது. அதோடு போட்டி போட மெழுகில் முத்திரையைத் தோய்த்துக் குத்தினார்கள். கையால் வாரக்கணக்கில் இழுத்த வேலை மளமளவென்று முடிந்தது. ஆனால் முத்திரை குத்துவது ஆண்களின் வேலையாகிப் போனது. மெழுகு எழுதிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வேலை வேகமாகும்போது சம்பளம் கை மாறவும் செய்யும் என்பதை அங்கேதான் விளங்கிக்கொண்டோம்.

இன்றும் இந்தோனேசியாவில் கையால் எழுதியதற்கு ஒரு பெயர், முத்திரை குத்தியதற்கு இன்னொரு பெயர். மெழுகே படாமல் அச்சடித்ததை 'பத்திக் டிசைன் போட்ட துணி' என்றுதான் சொல்வார்கள். அதே நாட்டில், பண்டுங் நகரத்தில் 2007இல் சில இளைஞர்கள் தொடங்கிய சின்ன நிறுவனம் 'ஜேபத்திக்' என்று ஒரு மென்பொருள் செய்தது. கணக்குச் சூத்திரத்தை வைத்துக் கம்ப்யூட்டர் புதுப்புது டிசைன் வரையும், மெழுகைக் கைவினைக்காரர்கள் போடுவார்கள்.

இவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எங்கள் மாத்தளை மாவட்டத்திலேயே அலுவிகாரை இருக்கிறது. 1960களில் கொழும்பில் பத்திக்கைப் பெரிய கலையாக்கிய ஏனா டி சில்வா, ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரைக்குப் பத்திக் செய்து கொடுத்தவர். 1980களில் சொந்த ஊரான அலுவிகாரைக்கே திரும்பி, ஊர்ப் பெண்களைச் சேர்த்துப் பத்திக்கும் எம்பிராய்டரியும் செய்யும் இடத்தை வளர்த்தார். 2015இல் காலமானார். டிசைன் புதுசாக இருக்கலாம், கை ஊர்க்காரர்களுடையதாக இருக்கலாம் என்பதற்கு எங்களுக்கு மிகப் பக்கத்தில் உள்ள சாட்சி அவர்தான்.

கடைசியில் அக்காவிடமே கேட்டோம். "டிசைன் கீறுறத மெஷின் செய்யட்டும் தங்கச்சி, குனிஞ்சு குனிஞ்சு முதுகு போகுது. மெழுகுல மட்டும் கை வச்சிராதீங்க, அதுலதான் என்ட சம்பளம் இருக்கு" என்றார். மூன்று பேரும் கம்பஸில் படித்த எதுவும் இவ்வளவு தெளிவாக இல்லை.

அப்படியே செய்தோம். டிசைனை லப்டொப்பில் வரைந்து தாளில் எடுத்து ஒட்டி, கண்ணாடிக்குக் கீழே பல்பு போட்டு, தாளுக்கு மேல் துணியை விரிக்கிறோம். கோடு துணியூடாகத் தெரியும், அக்கா நேராக மெழுகு போடுகிறார். சட்டை அளவுகளுக்கு 'சீம்லி2டி' என்ற இலவச மென்பொருள். சின்ன சைஸில் இருந்து பெரிய சைஸ் வரை பெட்டர்ன் அதிலேயே வருகிறது, துணி வீணாவதும் குறைந்தது.

வேலை சுருங்கியதும் அடுத்த வாதம் வந்தது. கீறுற வேலை இல்லையே, துண்டுக்கான சம்பளத்தைக் குறைக்கலாமா? கணக்குப் பார்த்தால் நியாயம் மாதிரித்தான் தெரியும். ஆனால் மிச்சமான நேரம் யாருக்குச் சேர வேண்டும்? இரண்டு இரவு பேசிய பிறகு, சம்பளத்தைக் குறைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். இப்போது அக்கா ஒரு நாளில் கூடுதலான துண்டு முடிக்கிறார், அந்தக் காசு அவருக்குத்தான். எங்கள் லாபம், துணி வீணாகாததிலும் ஓடரை நேரத்துக்குக் கொடுப்பதிலும்.

பிரிண்டை ஒரேயடியாக ஒதுக்கவும் இல்லை. திருவிழாவுக்கு மலிவான துணிப்பைகளை அச்சில்தான் செய்கிறோம். லேபலில் 'அச்சுத் துணி' என்று பெரிதாகவே போடுகிறோம். அதைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. போகட்டும்.

அடுத்த முறை பத்திக் வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகும் சாயமும் துணிக்குள்ளே இறங்கியிருந்தால் பின்பக்கமும் கிட்டத்தட்ட அதே அழுத்தமாக இருக்கும். அச்சென்றால் பெரும்பாலும் வெளிறியிருக்கும். பிறகு கடைக்காரரிடம், இதுக்கு மெழுகு போட்டது யார், அவங்களுக்கு எவ்வளவு கொடுத்தீங்க என்றும் கேளுங்கள். எங்களிடமும் கேட்கலாம்.