நயினாதீவும் நாகப் பிணையலும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே சென்றால் குறிகட்டுவான் துறையை அடையலாம். அங்கிருந்து படகேறினால் நயினாதீவு. ஆனித் திங்கள் திருவிழாக் காலத்தில் நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்களோடு நாமும் அப்படகிலே சென்றோம்.

நாகத்தை அணியாகப் பூண்டவள் நாகபூஷணி. மகப்பேறு வேண்டுவோர் அவளை வணங்குவர். பிறந்த பிள்ளைக்கு நாகம்மா, நாகலிங்கம், நாகேஸ்வரி என்று பெயரிடுவர். கோயில்களில் மரநிழலிலே நாட்டப்பட்ட நாகக் கற்களிலும் இரு பாம்புகள் பின்னி நிற்பதைக் காண்கிறோம். ஆகவே, பிணைந்த பாம்பென்றால் நம்மவர் மனத்தில் தோன்றுவது திருமணமே.

படகில் இருந்த முதியவர் ஒருவரும் அவ்வாறே கூறினார்: "பிள்ளையள், சாரைதான் ஆண், நாகம்தான் பெண். ரெண்டும் பிணையேக்கை வேட்டியை விரிச்சுவிட்டால் வீட்டுக்குச் சீதேவி வரும்."

நம்பிக்கை அழகியதே, ஆயினும் இயற்கை வேறு கூறுகிறது. சாரையும் நாகமும் வெவ்வேறு இனங்கள். சாரையிலும் ஆண் பெண் உண்டு. நாகத்திலும் ஆண் பெண் உண்டு. இவ்விரண்டும் கூடுவதில்லை. நாகம் சில வேளை சாரையை இரையாக்குவதும் உண்டு.

அங்ஙனமாயின், வயல்வெளியில் முன்னுடலை உயர்த்தி, முறுக்கிய கயிறுபோல் பின்னி ஆடுவன எவை? பெரும்பாலும் அவை ஒரே இனத்து இரண்டு ஆண்கள். ஒன்று மற்றதன் தலையைத் தரையில் அழுத்த முயலும் மற்போர் அது. பொதுவாகக் கடியில்லை, நஞ்சில்லை. தோற்றது விலகிச் செல்லும். ஒரே பெட்டியில் இரு ஆண் பாம்புகளை அடைத்து வளர்ப்போரும் இப்போரைக் கண்டு காதல் என மயங்குவதுண்டு.

மெய்யான காதலோ அடக்கமானது. பெண் விட்டுச்சென்ற மணத்தை ஆண் பிளந்த நாவினால் துழாவித் தொடரும். அவளைக் கண்டதும் தன் மோவாயை அவள் முதுகில் உரசி, உடலோடு உடல் படியக் கிடந்து, வாலோடு வால் பிணைக்கும். ஆட்டமில்லை, ஆரவாரமில்லை. பின்னர் பெண் நாகம் எலிவளையிலோ புற்றிலோ முட்டையிட்டு, அருகிருந்து காக்கும்.

வியப்பு யாதெனில், இத்தீவின் பழங்கதையே இவ்வுண்மைக்குப் பொருந்துவதுதான். மணியாசனம் ஒன்றுக்காக மகோதரன், சூளோதரன் என்னும் இரு நாக அரசர் பொருதனர் என்றும், புத்தர் வந்து அப்போரைத் தணித்தார் என்றும் மகாவம்சம் கூறும். மணிமேகலையும் மணிபல்லவத்தில் நாக அரசர் இருவர் ஒரு பீடத்துக்காகப் போரிட்டதைச் சொல்லும். அம்மணிபல்லவம் நயினாதீவே என்பர் அறிஞர் சிலர். நாகர் இருவர் நேர் நின்றால், கதையிலும் போர்தான்!

இதனை அறிவதால் பயன் உண்டு. நாகத்தின் கணவனென்றும், வாலில் நஞ்சுடையதென்றும் பழிசுமந்து அடியுண்டு மடிவது நஞ்சற்ற சாரையே. நெல்வயலில் எலியைத் தின்று நம் பத்தாயத்தைக் காப்பதும் அதுவே. பொருதுவன நாகங்களாயின், வேட்டி விரிக்க நெருங்குவோர் உயிருக்கே ஆபத்து.

கோயிலில் கல்நாகத்துக்குப் பால் வார்க்கும் கைகள், வேலியோரத்துச் சாரைமேல் கல்லெறியாதிருக்கட்டும். பிணையல் கண்டால் எட்ட நின்று பார்ப்போம். பிள்ளைகளுக்கும் உண்மையைச் சொல்லிக் கொடுப்போம்.