மருந்து கலக்கும் விளையாட்டு

எங்கள் சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்றால் இரண்டு அர்த்தம். காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்து; பட்டாசுக்குள் செலுத்துவதும் மருந்து. போன தீபாவளி லீவில் என் மகன் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தான்.

கோவையில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற படிப்பு படிக்கிறான். சிநேகிதர்கள் இருவரோடு சேர்ந்து, ஆளுக்கொரு ஊரில் இருந்தபடியே பலர் கூடி ஆடுகிற மாயாஜால விளையாட்டு ஒன்றை உருவாக்குகிறானாம். நம் சதுரகிரி மாதிரி ஒரு மலை, சித்தர்கள், ரசவாதம். மூலிகையும் பாஷாணமும் பொறுக்கி வந்து குகையில் கலந்தால் மருந்து கிடைக்கும்.

"இதிலென்னடா கஷ்டம், கொட்டிக் கலக்க வேண்டியதுதானே?" என்றேன்.

அப்படியில்லையாம். எதோடு எது சேரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் ஆடுவதற்கு ஒன்றுமில்லை. ஒளித்து வைத்தாலோ, கண்டதையும் கலந்து பார்ப்பார்கள்; ஒருவன் கண்டுபிடித்தால் மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே பொருளுக்குப் பொருள் ஒரு குணம் வைத்து, குணம் அறிந்தவன் மருந்தை ஊகிக்கும்படி செய்ய வேண்டுமாம். 1997-இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டில் விஷமுறிவுக்குப் பூண்டு, வெடிக்கிற மருந்துக்குக் கந்தகச் சாம்பல் என்று வைத்திருந்தார்களாம். நம் வீட்டு ரசத்தை யாரோ எட்டிப் பார்த்திருக்கிறார்கள்!

'மைன்கிராஃப்ட்' என்று இன்னொன்று. அதில் வெடிமருந்தோடு பச்சைச் சாயம் சேர்த்தால் வாணம் பச்சையாக வெடிக்கும். "பச்சைக்குப் பேரியம் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குச் செம்பு என்பதெல்லாம் இங்கே பேச்சுவாக்கில் காதில் விழுவதுதான். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தைத் தடை செய்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததை எந்த வீடு மறக்கும்?

அன்று சாயங்காலம், கலவை தப்பினால் என்ன ஆகும் என்று காட்டினான். டமார்! சித்தருக்கு முகமெல்லாம் கரி. தாடியைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார். நான் சிரித்துவிட்டேன். திரும்பினால் பின்னால் அப்பா நிற்கிறார்.

அப்பாவுக்கு 76 வயது. ஓர் ஆலையில் 18 வருஷம் மருந்து கலந்தவர். கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். அன்றைக்கு முந்தின நாள் மிச்சத்தை எடுக்கச் சொன்னார்களாம். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் நின்ற இருவர் வீடு திரும்பவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. இன்றைக்கும் அப்பா ஸ்பூனில்தான் சோறு சாப்பிடுகிறார். கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்கார மாட்டார்.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ஏய்யா, உன் சித்தருக்குப் பக்கத்துல யாருமே நிக்கலையா?" என்றார்.

பையன் விழித்தான். பலர் கூடி ஆடுகிற ஆட்டத்தில், வெடித்தால் கலந்தவனுக்கு மட்டும்தான் கரி என்று வைத்திருந்தான்.

"ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாதுன்னு எதுக்குச் சட்டம் போட்டான்?" என்று ஆரம்பித்தவர், இரண்டு மணி நேரம் பேசினார். என்னிடம்கூட அவ்வளவு பேசியதில்லை. வெயில் ஏறுமுன் கலந்து முடிப்பது, பருத்தித் துணியே உடுத்துவது, இரும்புச் சாமான் உள்ளே வராதது எல்லாம் சொன்னார். பிறகு அடுக்களையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துவரச் சொன்னார். "குச்சி முனையில ஒரு மருந்து, பெட்டி ஓரத்துல ஒரு மருந்து. சேர விடாம வச்சான் பாரு, அதுதான்யா வித்தை."

பையன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். இப்போது அவன் குகைக்குள் நான்கு பேர்தான் போகலாம். வெடித்தால் நால்வருக்கும் காயம்; நால்வரில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம். மிச்சம் வைத்த மருந்து ராத்திரியில் கெட்டுப்போகும். நிஜமான அளவு எதையும் போடாதே என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் செய்து பார்க்கிற வாண்டுகள் எல்லா ஊரிலும் உண்டே.

தழும்பு விஷயம்தான் இன்னும் தீரவில்லை. ஆட்டம் உள்ளவரை இருக்க வேண்டும் என்கிறார் அப்பா. அப்படி வைத்தால் ஆட ஆள் வராது என்கிறார்கள் சிநேகிதர்கள். இப்போதைக்குப் பத்து நாள் என்று போட்டிருப்பதாக நேற்று போனில் சொன்னான்.

"பத்து நாளா! கொடுத்து வச்சவன்" என்று சிரித்தார் அப்பா.