திருத்தாத தாள்

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் என் மாணவி ஒருவரிடம் நேர்காணலில், “தபால்ல படிச்ச எம்.ஏ.வா?” என்று உதட்டைப் பிதுக்கியிருக்கிறார்கள். இரவுப் பணி முடித்து நேராக ஞாயிறு வகுப்புக்கு வந்து உட்கார்ந்தவர் அவர். முறையாக அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாகவே அறிவித்தது. கேட்டவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

தொலைநிலைக் கல்வி மையம் ஒன்றில் வரலாற்றுப் பாட ஆலோசகராக இருந்து சமீபத்தில்தான் விலகினேன். கண்டக்டர், காவலர், கல்யாணத்தோடு படிப்பை நிறுத்திய பெண்கள் என்று என்னிடம் வந்த யாருக்கும் பகல்நேரக் கல்லூரியில் இடமில்லை. இவர்களுக்குக் கதவு திறந்தது இந்தக் கல்விதான். அதன் குறைகளையும் அறிவேன். புத்தகம் தாமதமாக வரும். சந்தேகம் வரும் ராத்திரியில் பக்கத்தில் ஆள் இருக்காது. பாதியில் நின்றுபோகிறவர்கள் நிறைய.

அந்தத் தனிமைக்கு மருந்தாக இருந்தது, மாணவர் வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புத் தாளின் ஓரத்தில் ஆலோசகர் எழுதும் குறிப்பு. வெளியில் இருப்பவர்கள் ஒப்படைப்பை முப்பது மதிப்பெண் சமாச்சாரமாகத்தான் பார்க்கிறார்கள். 1840-இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் தபாலில் சுருக்கெழுத்து கற்பித்தபோதே, மாணவர் எழுதி அனுப்புவதும் அவர் திருத்தித் திருப்புவதும்தான் பாடம்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர், மதுரையில் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிய காலத்திலிருந்து தாள் திருத்தியவர். வெறும் ‘நன்று’ போட்ட தாளை எந்த ஆலோசகரிடமிருந்தும் வாங்க மாட்டார். “எது நல்லாருக்குன்னு எழுதலையே தம்பி, அந்தப் பிள்ளை எதைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த தாள் எழுதும்?” என்பார். சிவப்பு மை கூடாது, பென்சில்தான். ‘தவறு’ என்று எழுதினால் எந்தப் பக்கத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். பயிற்சிக் கையேடு வெற்றுக் குறிப்பு, திசைதிருப்பும் குறிப்பு, புண்படுத்தும் குறிப்பு என்றெல்லாம் வகை பிரிக்கும். அவருக்குக் கையேடே தேவைப்படவில்லை.

முகம் தெரியாத ஒருவருக்கு இரண்டு வரியில் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதியவர்களுக்குத்தான் தெரியும். ‘ஜமீன்தார் இல்லாமல் அரசே நேராக வரி வாங்கிய மன்றோவின் ரயத்துவாரி முறை விவசாயியை விடுவித்தது’ என்று ஒரு தாளில் இருக்கும். அடித்துவிட்டால் வேலை முடிந்தது. நான் ஓரத்தில் கேட்பேன்: ‘ஜமீன்தார் இல்லை, சரி. வரியை நிர்ணயித்தது யார்? மழை பொய்த்த வருஷம் அதைக் கட்டியது எப்படி?’ கேள்வி கொஞ்சம் கடுத்தால் அடுத்த தாளே வராது. இளகினால் அதே வாக்கியம் தேர்விலும் வரும். சரியாக விழுந்தால், அடுத்த ஒப்படைப்பில் ஒரு கண்டக்டர் தன் தாத்தா நிலத்தை அடகு வைத்த கதையோடு பதில் எழுதுவார். வகுப்பறையில் வாய் திறக்காதவர்கள்கூடத் தாளில் பேசியிருக்கிறார்கள்.

இன்று மையத்துக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடையில் எழுதிவைத்த ஒப்படைப்பு விற்கிறது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டால் செல்போனே எழுதிக் கொடுக்கிறது. பிடிஎஃப் ஏறுகிறது, இளம் ஆலோசகர் பக்கங்களை எண்ணி மதிப்பெண் போடுகிறார், இணையத்தில் எண் தெரிகிறது. தாள் திரும்பிப் போவதே இல்லை. மாணவரும் படிக்கவில்லை, ஆசிரியரும் படிக்கவில்லை. இப்படி வாங்கும் பட்டத்தைத்தான் நேர்காணலில் இளக்காரம் செய்கிறார்கள். ராத்திரி கண்விழித்துத் தானே எழுதியவருக்கும் அதே இளக்காரம்தான். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

இளைஞர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒரு தாளுக்குக் கிடைப்பது டீயும் வடையும் வாங்கும் காசு. ‘காணொளிப் பாடம் இருக்கிறதே, ஓரக் குறிப்பு எதற்கு?’ என்று அதிகாரிகளே கேட்கிறார்கள். காணொளி நன்றாகவே பேசுகிறது. மாணவர் எழுதியதை அது எப்போது படிக்கும்? திருத்திய தாள் தேர்வுக்கு முன்பே மாணவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும், குறிப்பில்லாத தாளுக்கு ஊதியம் தரக் கூடாது, குறிப்பு எழுதுகிறவருக்கு நியாயமான தொகை தர வேண்டும் என்று விலகும்போது எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.