அண்ணாமலைக் குகையில் ஒரு பாதிரியார்!

திருவண்ணாமலை என்றதும் கிரிவலமும் ரமணாசிரமமும்தான் நினைவுக்கு வரும். இங்கே மலைக்குகையில் தவமிருந்த கத்தோலிக்கப் பாதிரியாரைத் தெரியுமா?

பிரான்ஸிலிருந்து 1948-ல் தமிழகம் வந்தவர் ஹென்றி லெ சோ. குளித்தலையில் பங்குத்தந்தையாக இருந்த ஜூல்ஸ் மோன்ஷானின், 1949 ஜனவரியில் அவரை ரமணரிடம் அழைத்து வந்தார். அடுத்த ஆண்டு இருவரும் குளித்தலை அருகே காவிரிக்கரையில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ரமணர் மறைந்தார். ஆனாலும் மலை லெ சோவை விடவில்லை. 1952 முதல் பலமுறை வந்து, குகைகளில் மௌனமாகத் தங்கினார்.

அத்வைதமா, திருச்சபையா? மனப்போராட்டம் நீண்டது. இரண்டையுமே அவரால் விட முடியவில்லை. அபிஷிக்தானந்தர் என்று பெயர் மாறினாலும், 1973-ல் இந்தூரில் மறையும்வரை பாதிரியாராகவே வாழ்ந்தார்.

அடுத்தமுறை போனால், ரமணாசிரமத்தின் பின்பக்கப் பாதையில் ஏறி, விருபாட்ச குகையில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். எந்த மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.