உங்க இடது கை வைஸ் இல்லைங்க

1/ தச்சுப் பட்டறையிலிருந்து கேஷுவாலிட்டிக்கு வர்றவங்ககிட்ட நான் கேட்பேன்: "கட்டையை எதுல பிடிச்சு அறுத்தீங்க?" பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கையிலதான் சார்."

2/ லோட்டஸ் எலான் காரை வடிவமைச்ச ரான் ஹிக்மன், நாற்காலி மேல பலகையை வச்சு அறுத்தப்போ நாற்காலியையும் சேர்த்து அறுத்துட்டார். அதுல பிறந்ததுதான் 'ஒர்க்மேட்' கிளாம்ப் மேசை. அவருக்கு நாற்காலியோட போச்சு. எல்லாருக்கும் அப்படி அமையாது.

3/ வாங்கும்போது பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க, ஆடினா வேண்டாம். தாடையோட ரெண்டு முனையும் தனித்தனியா திருகுதான்னு பாருங்க. கோணல் கட்டையையும் பிடிக்கும்.

4/ அதையும் மீறி விரல் துண்டானா: காயத்தை அழுத்திக் கட்டுங்க. துண்டை சுத்தமான ஈரத் துணியில சுத்தி, கவர்ல போட்டு, கவரை ஐஸ்ல வைங்க. விரல் நேரா ஐஸைத் தொடக்கூடாது. உடனே கிளம்புங்க.

5/ மேசைக்குச் செலவு பண்ண யோசிக்காதீங்க. விரலுக்கு ஸ்பேர் கிடையாது.