எத்தனை முனை, எந்த இடத்தில்

முழங்காலில் நட்சத்திரம் குத்திக்கொண்டவன் யாருக்கும் மண்டியிட மாட்டான். சோவியத் சிறைகளில் இதற்கு உரையாசிரியர் தேவைப்படவில்லை. காறை எலும்புக்குக் கீழே, தோளின் இருபக்கமும் எட்டு முனை நட்சத்திரம் இருந்தால் அவன் திருடர் கூட்டத்தில் மேல்தட்டு. அவன் பார்த்தாலே பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து இடம் விடுவான். ஆசைப்பட்டவனெல்லாம் அதைக் குத்திக்கொண்டு திரிய முடியாது. புதிதாக உள்ளே வருபவனின் சட்டையைக் கழற்றவைத்து, “இதற்கெல்லாம் பதில் சொல்வாயா?” என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் கண்ணாடிச் சில்லாலோ செங்கல் துண்டாலோ சுரண்டி எடுத்தாக வேண்டும். அதோடு விட்டால் அதிர்ஷ்டம்.

மை தயாரித்த விதம் இன்னும் பிரமாதம். பூட்ஸின் ரப்பர் அடியை எரித்துக் கரி எடுத்து, அதில் மூத்திரம் கலப்பார்கள். மின்சார ஷேவரில் கிதார் கம்பியைப் பொருத்தினால் ஊசி தயார். நம் பக்கத்தில் பச்சை குத்த வந்த குறத்திகள் விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைப்பதுண்டு. கரி எங்கேயும் கரிதான், கலப்பதில்தான் ஊர் தெரிகிறது.

இவ்வளவு விவரமும் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஒரு சிறைக்காவலர். தன்ஸிக் பல்தாயெவ் என்று பெயர். 1925இல் புரியாத்தியாவில் பிறந்தவர். நாட்டார் வழக்காறுகளைச் சேகரித்துக்கொண்டிருந்த அப்பாவை மக்கள் விரோதி என்று பிடித்துப் போய்விட்டார்கள். பையன் அரசியல் கைதிகளின் பிள்ளைகளுக்கான விடுதியில் வளர்ந்தான். 1948இல் லெனின்கிராடின் கிரெஸ்தி சிறையில் காவல் வேலை. அங்கே கைதிகளின் உடம்பில் இருந்ததையெல்லாம் வரைந்து, பக்கத்தில் அர்த்தத்தையும் எழுத ஆரம்பித்தார். அப்பா பாட்டுகளையும் கதைகளையும் சேர்த்தார், மகன் தோலைச் சேர்த்தார். 3,000 படங்களுக்கு மேல் தேறியது. விஷயம் கேஜிபிக்குப் போனது. வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்றுதான் நினைப்போம். அவர்களோ ஆதரவு கொடுத்தார்கள். ஒருவன் யார், எத்தனை முறை உள்ளே போனான், கூட்டத்தில் அவன் இடம் என்ன என்பதெல்லாம் சட்டையைக் கழற்றினாலே தெரிந்துவிடும் என்றால் எந்தப் போலீஸ்காரனுக்குத்தான் கசக்கும்?

2003 முதல் அந்தப் படங்கள் ஆங்கிலத்தில் புத்தகங்களாக வந்தன. 2007இல் டேவிட் குரோனன்பெர்க் எடுத்த ‘ஈஸ்டர்ன் பிராமிஸஸ்’ படத்தில் நாயகனுக்கு நட்சத்திரம் குத்தும் காட்சி உண்டு. இப்போது உலகம் முழுக்க, ஜிம்மில் தோள் வளர்த்த பையன்கள் அதே இடத்தில் அதே எட்டு முனையைக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். பதில் சொல்லச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

கடலோடிகளின் நட்சத்திரம் வேறு ஜாதி. ஐந்து முனைகள், ஒவ்வொன்றும் நடுவில் பிளந்து ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெளுப்பு. பழைய கடல் வரைபடங்களில் திசைகாட்டிப் பூ வரைந்திருப்பார்களே, அந்தச் சாயல். ஹொனலூலுவில் ஹோட்டல் ஸ்ட்ரீட் பகுதியில் கடை வைத்திருந்த நார்மன் காலின்ஸ், ‘செய்லர் ஜெர்ரி’ என்றால்தான் தெரியும், 1973இல் இறக்கும்வரை கடற்படைக்காரர்களின் கைகளில் இந்த மாதிரி வேலைகளைத்தான் செய்துகொண்டிருந்தார். கடலோடி வழக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. தகைவிலான் குருவி என்றால் 5,000 கடல் மைல் போயாயிற்று. ஆமை என்றால் நிலநடுக்கோட்டைத் தாண்டியாயிற்று. இவையெல்லாம் போய்வந்ததற்கான ரசீதுகள். நட்சத்திரம் மட்டும் வேண்டுதல்: எப்படியாவது வீடு வந்து சேர வேண்டும். அதனாலேயே கடலோடிகளின் படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அவர்கள் மனதில் இருந்தது துருவ நட்சத்திரம். நாகர்கோவில் பக்கம் வளர்ந்த எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை கிடையாது. ஓர் இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில்தான் அது வானத்தில் நிற்கும். எங்கள் ஊருக்கு எட்டுப் பாகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதுவே பத்துப் பாகையை மறைத்துவிடும். ஒரு தென்னந்தோப்பு போதும், உலகத்துக்கே வழிகாட்டி என்று பெயரெடுத்தவர் காணாமல் போய்விடுவார். பிரகாசமும் சுமார்தான். ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பார்த்துப் பழகிய கடற்கரையில், பச்சை குத்திக்கொள்ளும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

சென்னையில் அக்கா மகளோடு ஒரு டாட்டூ கடைக்குப் போயிருந்தபோது ஆல்பத்தைப் புரட்டினேன். நட்சத்திரப் பக்கங்கள்தான் அதிகம். ஒவ்வொன்றின் கீழும் நம்பிக்கை, லட்சியம், வழிகாட்டி, இறந்தவர் நினைவு என்று அச்சடித்திருந்தது. நட்சத்திரம் ஒன்றுதான், சொல் மட்டும் மாறிக்கொண்டே போனது. பலகாரக் கடை அட்டைகூட இதைவிட நேர்மையாக இருக்கும்.

ஊசி போடும் பையன் ஆல்பத்தைப் பொருட்படுத்தவில்லை. “பெருசா ரெண்டு டிசைன் போட்டு நடுவுல காலியா இருந்தா, ஸ்டார் போட்டு ஃபில் பண்ணிடுவோம் சார்” என்றான். இதுதான் தொழில் ரகசியம். ஸ்டென்சில் தாளை அக்கா மகளின் கணுக்கால் எலும்பில் ஒட்டி எடுத்தான். ஊதா நிறத்தில் நட்சத்திரம் பதிந்தது. அவளை எழுந்து நாலடி நடக்கச் சொன்னான். பாதம் மடங்கும்போது ஒரு முனை நீண்டு, எதிர் முனை சுருங்கியது. துடைத்துவிட்டு இரண்டு விரல் மேலே ஏற்றி ஒட்டினான். ஒவ்வொரு கோட்டையும் முனையிலிருந்து ஆரம்பித்து உள்பக்கமாகவே இழுத்தான். முனையில் வந்து நின்றால் இரண்டு கோடும் சேருகிற இடத்தில் மை கூடி, தோலுக்கடியில் கசிந்துவிடுமாம். எப்படிப் போட்டாலும், இவ்வளவு சின்ன நட்சத்திரத்தின் முனைகள் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மழுங்கிவிடும் என்றும் சொன்னான். வட்டமாகிப் போன ஒன்றைத் தன் மணிக்கட்டிலேயே காட்டினான்.

“என்ன மீனிங்குல எடுக்கறீங்க சிஸ்டர்?”

“ஒண்ணுமில்லண்ணா, சின்னதா இருக்கு, சாக்ஸ் போட்டா மறைஞ்சிரும்.” பிறகு என்னைப் பார்த்து, “மாமா, அம்மாகிட்ட சொல்லிராதீங்க.”

ஆல்பத்தில் இருந்த எல்லா அர்த்தங்களையும்விட இந்த ‘ஒண்ணுமில்ல’ எனக்கு உசத்தியாகப் பட்டது. ஆனால் எல்லா ஊரிலும் ஒண்ணுமில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சிகாகோவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நகரத்துக் கொடியில் நான்கு சிவப்பு நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு முனை. 1917இல் இரண்டாக இருந்தன, 1933இல் ஒன்றும் 1939இல் இன்னொன்றும் சேர்ந்தன. ஒன்று ஆரம்பகாலக் கோட்டைக்கு, ஒன்று 1871இன் பெருந்தீக்கு, மற்ற இரண்டும் 1893, 1933 உலகக் கண்காட்சிகளுக்கு. ஊர்ப் பாசத்தில் அதைக் கையில் குத்திக்கொள்கிறவர்கள் அங்கே ஏராளம். அதே ஊரில், 1970களின் கடைசியில் இல்லினாய் சிறைகளுக்குள் தெருக் கும்பல்கள் இரண்டு அணிகளாகத் திரண்டன. ஃபோக் நேஷனுக்கு ஆறு முனை நட்சத்திரம், பீப்பிள் நேஷனுக்கு ஐந்து முனை. தவறான தெருவில் ஒரு முனை கூடக்குறைய இருந்தால் அது விளையாட்டல்ல.

அங்கேயாவது கேட்கிறவனுக்கும் போட்டுக்கொண்டவனுக்கும் ஒரே பாஷை தெரியும். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு இருநூறுக்கும் மேற்பட்ட வெனிசுவேலாக்காரர்களை விமானத்தில் ஏற்றி எல் சால்வடோரின் செகோட் சிறைக்கு அனுப்பியது. ‘த்ரென் தெ அராகுவா’ கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று குற்றச்சாட்டு. அதில் பலரை அனுப்பப் பயன்பட்டது 1798ஆம் ஆண்டுச் சட்டம். ஆளை அடையாளம் காண அதிகாரிகளிடம் மதிப்பெண் தாள் ஒன்று இருந்தது. எட்டு மதிப்பெண் வந்தால் கும்பல் உறுப்பினர். கும்பலுடையது என்று கருதப்படும் பச்சைக்கு நான்கு, அதாவது பாதிக் கிணறு அதிலேயே தாண்டிவிடலாம். காவல்துறை ஆவணங்களில் எந்தெந்தப் படங்கள் சந்தேகத்துக்குரியவை என்ற பட்டியலும் இருந்தது: கிரீடம், ரயில், தோளில் நட்சத்திரம். அந்தக் கும்பலைப் பற்றிப் புத்தகமே எழுதிய வெனிசுவேலாப் பத்திரிகையாளர் ரொன்னா ரிஸ்கெஸ், அவர்களுக்குப் பச்சையை வைத்து ஆளைச் சேர்க்கும் வழக்கமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அனுப்பப்பட்டவர்கள் ஜூலையில் கைதிப் பரிமாற்றத்தில் ஊர் திரும்பினார்கள். இடைப்பட்ட நான்கு மாதம் உள்ளேதான்.

பல்தாயெவின் பட்டியலில் இருந்த நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டவனுக்கு அதன் அர்த்தம் தெரியும், அதற்கு விலையும் கொடுத்திருந்தான். இந்தப் பட்டியலில் இருந்ததோ ஆல்பத்தில் நம்பிக்கை, லட்சியம் என்று அச்சடித்து விற்கிற சரக்கு.

நம் ராணுவத்தில் ஆள் சேர்க்கும்போதும் பச்சை பார்ப்பார்கள். முழங்கையின் உள்பக்கத்திலிருந்து மணிக்கட்டுவரை இருக்கலாம், புறங்கையில் இருக்கலாம், வேறெங்கும் கூடாது. வழக்கமாகக் குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு. முதலில் கேட்கப்படும் கேள்வி எங்கே என்பதுதான். கண்டிப்பான விதிதான், தோளில் ஆசையாகப் போட்ட ஒரு நட்சத்திரத்துக்காக நல்ல பையன்கள் திரும்பி வரவும் செய்கிறார்கள். இருந்தாலும் அர்த்தம் படிக்கிற அதிகாரியைவிட இடம் பார்க்கிற அதிகாரியே எனக்குத் தேவலை. அந்த டாட்டூ கடைப் பையனும் வாலிபர்கள் வந்தால் மீனிங் கேட்பதற்கு முன்பாக, “ஆர்மி, போலீஸ் ஏதாவது ட்ரை பண்றீங்களா தம்பி?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆல்பத்தையே திறக்கிறான்.