அப்பா பெயரில் இருந்த வண்டி

சோனௌலி எல்லையில் எங்கள் முகத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. டி.என். 11 என்று தொடங்கும் நம்பர் பிளேட்டைத்தான் பார்த்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. நேபாளத்தில் காருக்கு இறக்குமதி வரி மிக அதிகம். சுற்றிப் பார்க்க என்று உள்ளே வந்த இந்திய வண்டி திரும்பிப் போகாமல் அங்கேயே கைமாறிவிட்டால் அந்த வரி அத்தனையும் அரசுக்கு நஷ்டம். ஆகவே ஆள் யார் என்பதைவிட வண்டி யாருடையது, எப்போது திரும்பும் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேட எங்களுக்குத் தாம்பரத்தில் ஒரு கோடைக்காலமே போயிற்று.

நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுதான் என்பார்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. விமானத்தில் போய்விடலாம் என்று நாங்கள் சொன்னால், "காரை எடுத்துக்கிட்டு சேலையூர்லருந்து கிளம்பிப் போய்ச் சேரணும்மா" என்பார். போக முடியாமலே காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே அம்மா சொன்னார்: "அவர் வண்டியிலயே போயிட்டு வந்துடலாம்."

ஆட்களுக்கான காகிதம் எளிது. 1950-ல் கையெழுத்தான இந்திய-நேபாள ஒப்பந்தத்தால் நமக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட்டும் கட்டாயமில்லை, வாக்காளர் அடையாள அட்டை போதும். பலர் தடுக்கி விழுவது ஆதாரில். 15 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே அது பயண ஆவணமாகச் செல்லும். அம்மாவுக்குச் செல்லும், எனக்கும் என் கணவருக்கும் செல்லாது. பதினாறு வயது மகனுக்குப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அடையாளச் சான்று வாங்கினோம். குடும்பமாகப் போனால் பெரியவர்களில் ஒருவரிடம் முறையான ஆவணம் இருந்து, மற்றவர்கள் உறவைக் காட்டும் படத்துடன் கூடிய அட்டை வைத்திருந்தால் போதும் என்றும் ஒரு விதி உண்டு. நம் ரேஷன் அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அதில் குடும்பத் தலைவர் படம்தான் இருக்கும், எழுத்தும் பெரும்பாலும் தமிழ்.

இத்தனைக்கும் நமக்கு மிக அருகில் இருக்கும் வெளிநாடு இலங்கை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1964 புயல் வரைக்கும் எழும்பூரிலிருந்து இதே தாம்பரம் வழியாக போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போய், அங்கிருந்து ஆட்கள் கப்பல் ஏறினார்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பல் தொடங்கியபோது ஆசையாக விசாரித்தேன். ஆட்களுக்கு மட்டும்தான், கார் ஏறாது. சொந்த வண்டியில் நேபாள எல்லை தாண்ட நினைக்கும் தமிழர் 2,000 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே ஓட்டித்தான் ஆக வேண்டும்.

ஆட்களுக்கு எளிதானது வண்டிக்கு எளிதாக இல்லை. ஆர்.சி. அப்பா பெயரில். அடுத்தவர் வண்டியை எல்லை தாண்டி ஓட்டினால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். இறந்தவரிடம் கடிதம் எப்படி வாங்குவது? சட்டத்தில் வழி இருக்கிறது. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஒரு ராத்திரி சொன்னபோது, "அவர் பேரை எடுத்துட்டா அது எப்படிடி அவர் வண்டி?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் நானும் அம்மா கட்சிதான். வங்கிக் கணக்கிலிருந்து அப்பாவின் பெயர் போனது, சிலிண்டர் புத்தகத்திலிருந்து போனது. மிச்சம் இருந்தது இந்த ஆர்.சி. ஒன்றுதான். பயணத்தையே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு அம்மாவே காலையில் காபியை வைத்துவிட்டு, "அவரே உசிரோட இருந்தா முதல்ல பேப்பரைச் சரிபண்ணுன்னுதான் சொல்வார், போ" என்றார்.

இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு, வி.ஏ.ஓ. விசாரணை, ஆர்.ஐ. விசாரணை, தாசில்தார் ஒப்புதல். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியிடமிருந்து ஆட்சேபனை இல்லை என்று கடிதம். வண்டியின் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் பெயர் மாற்றம். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒருவர் பானெட்டைத் திறந்து, சேஸிஸ் நம்பர் மேல் மெல்லிய தாளை அழுத்திப் பிடித்துப் பென்சிலால் தேய்த்தார். அழுக்குக்கு அடியில் கிடந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளில் ஏறின. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் துடைத்த வண்டி. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து நான் அழுததை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

புது ஆர்.சி. வந்தது. என் பெயருக்கு முன்னால் கணவரின் இன்ஷியல், ஆதாரில் உள்ளபடி. கல்யாணத்துக்கு முன் எடுத்த என் ஓட்டுநர் உரிமத்திலோ அப்பாவின் இன்ஷியல். நம் ஊரில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. இன்ஷியல் வழக்கமே தெரியாத ஊரில் இரண்டும் இரண்டு ஆட்கள்.

இன்னொரு காகிதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. நம் வண்டி இன்ஷூரன்ஸ் இந்திய எல்லையோடு முடிந்துவிடும். நேபாளம், பூடான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றுக்கு அதை நீட்டிக்கப் பாலிசியில் தனி ஒப்புதல் சேர்க்கலாம். ஐ.எம்.டி. 1 என்று கேட்க வேண்டும். மோட்டார் டாரிஃப்படி முழுப் பாலிசிக்குக் கூடுதல் பிரீமியம் 500 ரூபாய்தான். மலைச்சரிவில் லாரிக்கு ஒதுங்கி நிற்கும்போது அந்த 500 ரூபாயின் அருமை தெரிந்தது.

எல்லை தாண்டியதும் பேலஹியாவில் சுங்க அலுவலகம். வண்டிக்கு அங்கே போடும் சீட்டுக்கு 'பன்சார்' என்று பெயர். எத்தனை நாள் என்று முன்கூட்டிச் சொல்லி, நாள் கணக்கில் பணம் கட்ட வேண்டும். வருடத்துக்கு 30 நாள்தான் உச்சவரம்பு. கவுன்ட்டரில் இருந்தவர் ஆர்.சி.யையும் உரிமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் பயந்தபடியே இரண்டு இன்ஷியலிலும் விரல் நின்றது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அப்பா பெயர், அம்மா பெயர், கணவர் பெயர் மூன்றும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஆவணம் என்னிடம் அது ஒன்றுதான். அப்பா பெயர் மேல் விரலை வைத்து உரிமத்தைப் பார்த்தார், கணவர் பெயர் மேல் வைத்து ஆர்.சி.யைப் பார்த்தார், முத்திரை குத்தினார். கட்டாயமில்லை என்று வீட்டில் வைத்துவிட்டு வர இருந்த பாஸ்போர்ட் அது.

சீட்டில் தேதி விக்ரம சம்வத் கணக்கில், தேவநாகரி எண்ணில் இருந்தது. நம் ஆண்டைவிட 56, 57 கூட. கடைசி நாள் நம் தேதியில் எது என்று அங்கேயே கேட்டு, சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டேன். நாள் தாண்டினால் அபராதம். வண்டி சும்மா நின்றாலும் நாள் நாள்தான். நாங்கள் போக்கராவில் காரை நிறுத்திவிட்டு, அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு ஜீப்பில்தான் முக்திநாத் ஏறினோம். அந்த நாள்களுக்கும் பணம் உண்டு.

முக்திநாத்தில் 108 தாரைகளுக்கு அடியிலும் அம்மா நடந்தார். அவ்வளவு குளிரில் எப்படி என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

நீங்கள் நேபாளம் போகிறீர்களோ இல்லையோ, காலமான அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ வண்டி நிற்கும் வீடாக இருந்தால், படிவம் 31-ஐ அந்த 3 மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வர நாளாகும், அதற்கு முதலில் மனுப் போடுங்கள். தாம்பரத்தில் பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது. பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.